மோனிஷாவின் நிழல் பள்ளிக்கூடம் போனது

மோனிஷாவின் நிழல் ஒரு புதன்கிழமை உச்சிவேளையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது, அதற்குக் காரணம் அவளுடைய அம்மா கலாமணியின் அவசரம்தான் என்று கருக்கம்பாளையம் முழுக்க இன்றைக்கும் சொல்கிறார்கள், வெயிலில் முட்டி போடச் சொன்ன டீச்சரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நடந்தது இதுதான். ஏழாம் வகுப்பு புனிதவதி டீச்சர் ஆசிரியர்களின் கக்கூஸைக் கழுவ அவ்வப்போது இரண்டு பிள்ளைகளை எழுப்புவார், எழுப்புவது காலனிப் பிள்ளைகளை மட்டும்தான், அது ஏன் என்று கேட்கிறவர்கள் வேறு ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். அன்றைக்கு மோனிஷாவை எழுப்பினார். அவள் எழுந்தாள், "மாட்டேன் டீச்சர்" என்றாள், உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் குற்றம். மைதானத்தின் நடுவில் முட்டி போட வைத்தார்கள், காலையில் அவளுக்குப் பின்னால் நீளமாகப் படுத்திருந்த நிழல் வெயில் ஏற ஏறக் குறுகிக்கொண்டே வந்து, உச்சியில் மடக்கிய கால்களுக்கு அடியில் ஒரு தோசையளவுக்கு ஒடுங்கிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கலாமணி ஓடிவந்தாள். பனியன் கம்பெனித் துணிகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவள், கத்தரியைக் கழுத்துக் கயிற்றில் இருந்து கழற்றக்கூட இல்லை, மகளின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துத் தூக்கினாள். மோனிஷா வந்தாள். நிழல் வரவில்லை. தரையில் கொட்டிய மண்ணெண்ணெய் மாதிரி அது அங்கேயே கிடந்தது.

"ஏம்புள்ள, அரை மணி நேரம் பொறுத்து, நெழலு கொஞ்சம் சாஞ்சதுக்கப்புறம் கூட்டிட்டு வந்திருக்கலாமில்ல?" என்றாள் பக்கத்து வீட்டு ஜோதிமணி.

"உங்க தர்ஷினியா இருந்தா பொறுத்திருப்பீங்களாக்கா?"

"என்ற புள்ள கழுவிட்டு வந்திருக்கும்" என்றாள் ஜோதிமணி. அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாட்ச்மேன் அதன் மேல் பினாயில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை, மண்ணை வெட்டி எடுத்துப் பார்த்தார், வெட்டிய குழிக்குள்ளும் இருந்தது, சரி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலையில் பிரேயர் பெல் அடித்ததும் அது தானாக எழுந்து, இரட்டைச் சடையும் பாவாடை மடிப்புமாக வரிசையில் போய் மோனிஷா நிற்கும் இடத்தில் நின்றது, பிறகு வகுப்புக்குப் போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தது. புனிதவதி டீச்சர் வருகைப் பதிவு எடுத்தபோது மோனிஷாவின் பெயருக்கு அது கையைத் தூக்கியது. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வருடம் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது, இன்னும் ஒன்று குறைந்தால் ஒரு டீச்சர் வேலை போய்விடும், போகப்போவது யாருடைய வேலை என்று அவருக்கே தெரியும். வந்திருப்பதாகப் போட்டுக்கொண்டார். கலாமணி டி.சி. கேட்டுப் போனபோது தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உம்பொண்ணுதான் தினமும் வந்துட்டிருக்குதேம்மா, அப்புறம் எதுக்கு டி.சி.?" என்று கேட்டார்.

கலாமணி வேறு பள்ளிக்கூடம் தேடவில்லை. இருக்கிற இன்னொன்றுக்குப் போனாலும் அங்கேயும் கக்கூஸ் இருக்கும், அங்கேயும் காலனி எது என்று தெரிந்திருக்கும். நானே சொல்லித் தருகிறேன் என்று முடிவெடுத்தாள். அவள் பிளஸ் டூ முடித்தவள், கணக்கில் கெட்டிக்காரி, மேலே படிக்க வைக்க ஆள் இல்லை. கணவன் ரங்கராஜ் சாயப்பட்டறையில் வேலை, ஒருநாள் பச்சைக் கையோடும் ஒருநாள் ஊதாக் கையோடும் வீட்டுக்கு வருவான். "ஊட்டுல சொல்லிக்குடுத்து எவடி உருப்பட்டிருக்கா?" என்றான், சாப்பிட்டான், படுத்துவிட்டான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் போய் வீதி அடங்கியதும் பனியன் மூட்டையை நடுவீட்டில் அவிழ்த்துக் கொட்டுவாள், இவள் பிசிறு வெட்ட வெட்ட மோனிஷா மடித்து அடுக்க வேண்டும், ஒரு டஜனில் கால் பங்கு எவ்வளவு, அரைக்கால் பங்கு வைத்தால் ஒரு பனியனை ஏன் வெட்ட வேண்டி வருகிறது, இப்படிப் பின்னம் வந்தது, பருத்தி எந்த மண்ணில் விளையும் என்று பூகோளம் வந்தது, அப்பாவின் கைச்சாயம் சோப்புக்கு ஏன் போவதில்லை என்று வேதியியல் வந்தது, இங்கிலீஷுக்கு அட்டைப்பெட்டிகளில் எழுதியிருப்பதையே வாசிக்க வைத்தாள். மோனிஷா கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். எதிர்த்துக் கேள்வி கேட்டாள், அம்மா தப்பாகச் சொன்னால் சிரித்தாள். மத்தியானம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் பொழுதோடு கேட்டால் ஒன்றும் இருக்காது.

"ஒன்றரைக்குள்ள எத்தனை கால் இருக்குது சாமி?"

"அதெல்லாம் நீ எப்ப சொல்லிக்குடுத்த?" என்று மோனிஷா கேட்பாள், பொய் சொல்கிற முகம் இல்லை அது.

நிழல் இல்லாத பிள்ளையிடம் எதுவும் தங்கவில்லை, படித்தது தங்கவில்லை, தூக்கம் தங்கவில்லை, குளிர்ச்சி தங்கவில்லை, வீட்டுக்குள் இருந்தாலும் மேலெல்லாம் மத்தியான வெயில் அடித்த மாதிரி கொதித்தது, தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனதெல்லாம் எங்கே போனது என்பதை ஜோதிமணி வந்து சொன்னாள். அவள் மகள் தர்ஷினி அதே வகுப்பு.

"உன்ற புள்ள, அதாம் புள்ள, அந்த நெழலு, இன்னிக்குப் பலகையில பின்னக் கணக்கு போட்டு அசத்திருச்சாமா. டீச்சர் இன்னும் அந்தப் பாடமே எடுக்கலியாம். என்னவோ அரைக்கால் பனியன்னு எழுதுச்சாம். எல்லாரும் கைதட்டுனாங்களாம்!"

கலாமணி கத்தரியைக் கீழே வைத்தாள். காலையில் அவள் நடுவீட்டில் சொன்னது சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, காலாண்டுப் பரீட்சையில் நிழல் முதல் மார்க் வாங்கியது, பள்ளிக்கூடத்து வாசலில் பிளெக்ஸ் கட்டினார்கள், புனிதவதி டீச்சரின் பெயரைப் பெரிதாகப் போட்டு, முகம் தெரியாத கறுப்பு உருவம் ஒன்றைப் பக்கத்தில் போட்டு.

பிளெக்ஸைப் பார்த்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? நிழல் பேசாது, நிழலுக்குப் பசிக்காது, ஒன்றுக்குப் போகணும் டீச்சர் என்று விரலைக் காட்டாது, அடித்தால் அழாது, ஆனால் மார்க் வாங்கும். ஊருக்குள் இருக்கிற வீடுகளில்தான் முதலில் ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் பிள்ளைகளை மொட்டைமாடியில் முட்டி போட வைத்து, நிழல் நன்றாக ஒடுங்கும் வரை பக்கத்தில் குடை பிடித்துக் காத்திருந்து, கையைப் பிடித்து ஒரே இழுப்பு, கலாமணி செய்த அதே மாதிரி. நிழலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், பிள்ளையைக் கோச்சிங் சென்டருக்கு அனுப்பினார்கள், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் இருக்கிற பிள்ளை என்றால் டாக்டர் ஆகாமல் என்ன செய்யும் என்றார்கள். பிள்ளை கோச்சிங்கில் படித்ததும் நிழலுக்குத்தான் போகிறது என்பது தெரிந்தபோது, பரவாயில்லை, பரீட்சையையும் நிழலே எழுதட்டும் என்றார்கள்.

அப்புறம் காலனியிலும் ஆரம்பித்தார்கள். காலனியில் கோச்சிங் கிடையாது. நிழல் பள்ளிக்கூடத்தில் இருந்தால் பிள்ளை பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போகலாம், பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கிறது, ஆபீசர் வந்தால் வருகைப் பதிவைக் காட்டிக்கொள்ளலாம். நிழல் இல்லாத பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது என்பதால் கம்பெனிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஷேர் ஆட்டோக்காரர்கள் நிழலுக்குப் பாதிக் கட்டணம் என்றார்கள், மடியில் உட்கார வைத்தால் இலவசம். சத்துணவில் நிழல்களுக்கும் முட்டை கணக்குக் காட்டினார்கள், அந்த முட்டைகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் வானம் மூடினால் நிழல்கள் மங்கிப்போகும், அன்றைக்கு லீவு விட்டார்கள். இப்படி எல்லாம் தன் போக்கில் பழகிவிட்டது. ஜோதிமணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்ஷினியைக் கூப்பிட்டுக்கொண்டு மொட்டைமாடி இருக்கிற வீட்டுக்குப் போய்வந்தாள்.

"ஏனுங்க்கா, அவ மேலு கொதிக்குமே, பாத்துட்டுத்தான இருக்கீங்க மோனிஷாவ?" என்றாள் கலாமணி.

"நீ மட்டும் உன்ற புள்ளைக்கு முதல் மார்க் வாங்கிக்குடுப்ப, நாங்க வாயப் பாத்துட்டு இருக்கோணுமா?"

அது கலாமணிக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அந்த முதல் மார்க்கைக் கேட்டபோது, ஒரு நொடிதான், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் நிழலைக் கூட்டிவரப் போனாள். வகுப்பு வாசலில் நின்று, "மோனிஷா, வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டாள். மூன்றாவது பெஞ்சில் இருந்த நிழல் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அப்புறம் போகட்டுமா என்று புனிதவதி டீச்சரைப் பார்த்தது. டீச்சர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நிழல் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டது.

"நானா கழுத்தப் புடிச்சு வெச்சிருக்கேன்? அதாத்தான் இருக்குது" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது மோனிஷா, "நீ சொல்லிக்குடுக்கறதெல்லாம் அவளுக்குத்தான் போகுது, நிறுத்திரும்மா. அவ ஃபெயிலாவட்டும். ஒண்ணுக்கும் ஆவாதுன்னு தெரிஞ்சா அவங்களே தொரத்தி உட்ருவாங்க" என்றாள். அது நியாயமாகத்தான் இருந்தது. கலாமணி பாடத்தை நிறுத்தினாள். பிசிறு வெட்டினாள், சோறாக்கினாள், மகளோடு வாய் பேசாமல் இருந்தாள், வாயைத் திறந்தால் எதையாவது கற்றுக்கொடுத்துவிடுவோமோ என்று பயம், வெங்காயம் ஏன் கண்ணில் தண்ணீர் வரவைக்கிறது என்று மோனிஷா கேட்டால்கூட, தெரியாது போ என்றாள். ஒரு வீட்டில் அம்மாவும் மகளும் ஒன்றும் பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அரையாண்டுப் பரீட்சையில் நிழல் வெற்றுத் தாளைக் கொடுத்தது. ஆனால் அவர்கள் துரத்தவில்லை.

மோனிஷா வீட்டில் பனியன் மடித்துக்கொண்டிருந்தாள், திடீரென்று ஐயோ என்று கத்தினாள். பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு முட்டியிலும் கொப்புளம், அடுப்பில் வைத்த மாதிரி, கலாமணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. செருப்புப் போடாமல் ஓடினாள்.

மைதானத்தில் பரீட்சையில் மார்க் வாங்காத ஏழெட்டு நிழல்கள் ஆளே இல்லாமல் முட்டி போட்டிருந்தன. தர்ஷினியின் நிழலும் இருந்தது. வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்.

"நெழலத்தானம்மா நிக்க வெச்சிருக்கோம், உம்பொண்ணையா வெச்சிருக்கோம்?"

"என்ற புள்ளைக்கு முட்டி வெந்துபோச்சுங் சார்!"

"அப்ப உம்பொண்ணு வரட்டும். இதே எடத்துல முட்டி போடட்டும், கழுவறேன் டீச்சர்னு சொல்லட்டும், நெழலு ஒட்டிக்கும், கூட்டிட்டுப் போ. இல்ல, இங்கியே படிக்க வை. நாங்க வேண்டாங்கலியே."

கலாமணி மைதானத்தின் நடுவுக்குப் போனாள். மகளுடைய நிழலுக்கு மேலே போய் நின்று, கைகளை விரித்து, சேலையையும் விரித்துப் பிடித்தாள், தன் நிழலை அதன் மேல் போர்த்தினால் சூடு கொஞ்சம் குறையும் அல்லவா. அவள் நிழல் அதன் மேல் விழுந்தது. மோனிஷாவின் நிழல் முட்டியிலேயே நகர்ந்து, மெதுவாக, அவளுடைய நிழலுக்கு வெளியே போய் மறுபடி வெயிலில் முட்டி போட்டது. வெயிலில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் நகர்ந்தாள், அதுவும் நகர்ந்தது. மறுபடியும் நகர்ந்தாள். மரத்தடியில் யாரோ சிரித்தார்கள்.

திரும்பி வந்து மோனிஷாவிடம் கேட்டாள், கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டாள். ஒரே ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்று.

"மாட்டேன்" என்றாள் மோனிஷா. முட்டியில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தது, கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் என்ன தப்புப் பண்ணேன்? எரியட்டும் உடு."

மாட்டேன் என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும்தான் கலாமணிக்கு அந்த யோசனை வந்தது.

மறுநாள் காலையில் மூட்டையை அவிழ்க்காமல் மகளை எதிரில் உட்கார வைத்தாள். "சொல்லு. மாட்டேன்."

"அதுதான் எனக்கே தெரியுமே. அதுக்குத்தான முட்டி போட்டேன்."

"தெரிஞ்சாலும் சொல்லு."

சொன்னாள். மாட்டேன் என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கலாமணி ஒரு பாடமாகவே எடுத்தாள், வாயால் சொல்ல முடியாவிட்டால் தலையால் சொல்ல வேண்டும், தலையைப் பிடித்துக்கொண்டால் கையால், கையைக் கட்டினால் காலால், சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்த்தால் போகட்டுமா என்று கேட்கத் தோன்றும், எழுந்ததும் நடக்க வேண்டும், நடந்தால் நிற்கக் கூடாது. பின்னத்தைவிட, பூகோளத்தைவிட, இதைத்தான் அவள் நன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுக்கும்போது அவளுக்கே அழுகை வந்தது, இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அன்று பொழுதோடு, "ஒரு கொடம் தண்ணி புடிச்சுட்டு வா" என்றாள். எப்போதும் முணுமுணுக்கிற பிள்ளை, வெந்த முட்டியோடு எழுந்து, "சரிம்மா" என்று போனது. கலாமணி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் பாடம் நடந்தது. மறுநாளும் சரிம்மா. அதற்கு மறுநாள் ரங்கராஜ் போதையில் வந்து, சும்மா விளையாட்டுக்கு, "எந்திரிடி, ஒத்தக் கால்ல நில்லு" என்றான், மோனிஷா எழுந்து ஒற்றைக் காலில் நின்றாள், அவன் தூங்கிப்போன பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பத்தான் பொம்பளப் புள்ள மாதிரி இருக்குது" என்று காலையில் அவன் சொன்னான்.

கலாமணிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தான் சொல்லிக் கொடுக்கிறது மகளிடம் தங்காது, நிழலுக்குப் போய்விடும் என்பது தெரியும், மகளிடம் ஏற்கெனவே இருந்த வார்த்தையும் அதோடு சேர்ந்து போகும் என்பதைத்தான் யோசிக்கவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நிழல் நேற்று பெல் அடித்தும் வரிசைக்கு வராமல் அசையாமல் நின்றதாக வாட்ச்மேனிடம் கேட்டுவந்து ஜோதிமணி சொல்லியிருந்தாள், இன்னும் கொஞ்சம்தான், வந்து ஒட்டிக்கொண்டால் எல்லாமே திரும்பி வந்துவிடும், வார்த்தையும் வந்துவிடும், படித்ததும் வந்துவிடும். கலாமணி ரங்கராஜ் போகும் வரை காத்திருந்தாள். கதவைச் சாத்தினாள். மகளை எதிரில் உட்கார வைத்தாள்.

"சொல்லு."

"சரிம்மா" என்றாள் மோனிஷா. "மாட்டேன்."

அன்றைக்கு மத்தியானம் புனிதவதி டீச்சர் நிழலின் கையில் வாளியையும் விளக்குமாற்றையும் கொடுத்தார். நிழல் வாளியைக் கீழே வைத்தது. தலையை ஆட்டியது. டீச்சர் கத்தினார், பிரம்பால் அடித்தார், பிரம்பு தரையில் பட்டு உடைந்தது. நிழல் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வகுப்பைவிட்டு இறங்கி மைதானத்தைக் கடந்து கேட்டைக் கடந்து ரோட்டுக்கு வந்தது. மற்ற நிழல்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டன. டீக்கடையில் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள், நடுரோட்டில் வந்த பஸ் நின்று போனது, யாரும் ஆச்சரியப்படவில்லை, பள்ளிக்கூடம் விடும் முன்னால் ஒரு பிள்ளை வெளியே வந்துவிட்டது என்பதுதான் எல்லோருக்கும் குறையாக இருந்தது.

சாயும் வெயிலில் அது நீண்டு வளர்ந்து, அதன் தலை காலனிக்குள் முதலில் வந்தது, உடம்பு பிறகு வந்தது. கலாமணி வாசலில் நின்றிருந்தாள். கையை நீட்டினாள். பிறகு உள்ளே திரும்பி, "மோனிஷா, வெளிய வா சாமி, வந்து இது பக்கத்துல நில்லு" என்றாள்.

"சரிம்மா." மோனிஷா வந்தாள். நிற்கச் சொன்ன இடத்தில், நிற்கச் சொன்ன மாதிரி நின்றாள்.

நிழல் அவளைப் பார்த்தது. அவளுடைய கால்களைப் பார்த்தது, முட்டியில் காய்ந்திருந்த மஞ்சளைப் பார்த்தது. அங்கேதான் அது இனி படுக்க வேண்டும், அவள் போகும் இடமெல்லாம் போக வேண்டும், அவள் உட்கார்ந்தால் உட்கார வேண்டும். அது தலையை ஆட்டியது. ஒரு அடி தள்ளி நின்றது.

"ஏஞ்சாமி, உன்ற ஒடம்பு இது" என்றாள் கலாமணி. "உனக்கோசரந்தான இத்தனையும்."

நிழல் தலையை ஆட்டியது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படித்தான் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாயடியில் இருந்து ஜோதிமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாத்திரங்களைக் கூட்டி ஓரமாக வைத்தாள். "மோனிஷாக் கண்ணு, தர்ஷினி கம்பெனில இருந்து இன்னும் வரல. இந்த ஏனத்தைக் கொஞ்சம் வெளக்கிக் குடுத்துட்டுப் போயேன்."

"சரிங்க பெரியம்மா" என்றாள் மோனிஷா. போனாள். வெந்த முட்டியை மடக்கி வெயிலில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தாள், அவளுக்கு அடியில் தரை வெறுமையாக, பளபளவென்று இருந்தது.

"அத வெளக்காத, உள்ள போ!" என்று கலாமணி மகளைப் பார்த்துக் கத்தினாள், உடனே மோனிஷா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள், "இரு கண்ணு, முடிச்சுட்டுப் போ" என்று ஜோதிமணி சொன்னாள், உடனே உட்கார்ந்தாள், "வாடி இங்க" என்று கலாமணி சொன்னாள், எழுந்தாள்.

நிழல் அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வீதியில் இறங்கி, பள்ளிக்கூடம் இல்லாத பக்கமாக நடக்க ஆரம்பித்தது. கலாமணி அதன் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள், அப்புறம் திரும்பிப் பார்த்தாள், குழாயடியில் பாதி எழுந்தும் பாதி உட்கார்ந்தும் மகள் அடுத்து யார் என்ன சொல்வார்கள் என்று காத்திருந்தாள். ஒருத்தி கூப்பிட்டால் வரமாட்டாள். இன்னொருத்தி யார் கூப்பிட்டாலும் போய்விடுவாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, வீதியில் நிழல் நீண்டுகொண்டே போனது, கலாமணி நடுவில் நின்றாள்.